நான்கு விரல் மடிப்பு

என் அத்தை தைக்கும் குழந்தை உடுப்புகளில் கீழ் விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடிந்து கிடக்கும். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். மற்ற டெய்லர்கள் இரண்டு விரல் விடுவார்கள். கஞ்சத்தனம் பிடித்தவர்கள் ஒன்று. "இவ்வளவு துணி எதுக்கு உள்ள போகுது?" என்று யாராவது இழுத்தால் அத்தை கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிடுவாள். "உங்க பிள்ளை வளராதுன்னா சொல்லுங்க, மடிப்பில்லாம தைச்சுத் தரேன்." 

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியை முதலில் காட்டியது அத்தையிடம்தான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கியைப் புரட்டி அடியைப் பார்த்தாள்.

"இதுல மடிப்பே இல்லையேடா."

"வாடகை அங்கி, அத்தை. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

"குடு. நாளான்னிக்கு உன்னைவிட வளந்தவன் வந்து கேட்டா? முழங்கால் தெரியப் போய் மேடையில நிப்பானா?"

அவளுக்கு இந்த மடிப்புப் பைத்தியம் பிடித்தது ஒரு குறிப்பிட்ட இடத்தில். அந்த இடத்தை அவள் 'கரை' என்பாள். வெளியில் இருந்தவர்கள் 'சூளை' என்றார்கள். பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து கல்குவாரியைத் தாண்டி, வண்டித்தடம் அற்றுப்போகும் வரை நடந்தால் தகரத் தடுப்புகள் அடைத்த ஒரு பெரிய நிலம். உள்ளே எப்போதும் புகை. செங்கல் அறுக்கிறார்கள், சுடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடு கட்டுகிறவர் யாராவது லாரியோடு போய் நின்றால், "ஸ்டாக் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். செங்கல்லைச் சுட்டுக் குவித்துவிட்டு விற்க மறுக்கிற சூளை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று என் அப்பா சொல்வார்.

உள்ளே நடந்தது வேறு. அங்கிருந்தவர்கள் உலகம் முடியும் நாளுக்காகப் பூமிக்கு அடியில் ஒரு கூடம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய மண்ணைக் குவித்துவைத்தால் ஊர் பார்த்துக் கேட்கும். ஆகவே அதைச் செங்கல்லாக அறுத்துச் சுட்டு, அதே கூடத்துக்குச் சுவராக வைத்தார்கள். சூளை பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பொய்.

தலைவரை 'ஐயா' என்றார்கள். வானிலை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு அது போதும். "அந்த ஆபீஸ்ல மழைன்னு சொன்னா நான் குடையை வீட்டுல வச்சுட்டுப் போவேன். அவர் உலகம் அழியும்னு சொல்றாரா? அப்போ கடன்ல வீடு கட்டலாம்" என்று தங்கையையும் மச்சானையும் தடுத்துப் பார்த்திருக்கிறார். கேலி எடுபடும் விஷயமாக அது இருக்கவில்லை.

காரணம், அவர்களுடைய முதல் பிள்ளை. ஆண் பிள்ளை. காய்ச்சலில் போய்விட்டான். மாமா எலக்ட்ரீசியன், ஊரில் எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மகன் போனபிறகு ஏணியில் ஏறி வயரைப் பிடித்தபடி அப்படியே நிற்க ஆரம்பித்தாராம். கீழே இருப்பவர்கள் கூப்பிட்டு இறக்க வேண்டும். ஐயாவின் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போன இடத்தில், அந்த நாள் வரும்போது போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வாசலில் நிற்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமா வீட்டுக்கு வந்து, அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் அத்தை கிளம்பினாள். உலகம் முடிவதைப் பற்றி அவளுக்கு அப்போது ஒரு கருத்தும் இல்லை. புருஷன் சாப்பிடுகிறார், அது போதும். மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வரவில்லை. கரையில் அவளைக் 'குருவி' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் எங்களுக்கு அவள் குருவிதான்.

யாரும் நம்ப மாட்டார்கள், அத்தை அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் அவ்வளவு நன்றாக இருக்கும். அவளுடைய தையல்கடைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் டயரில் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே, மெஷினை மிதித்தபடியே சொல்லிக்கொண்டு போவாள். குளிக்க வரிசையில் நிற்கும்போது பாடுவார்களாம். ஒருத்தி ஒரு வரி, அடுத்தவள் அடுத்த வரி, வாளி நிறைந்தால் பாட்டு கைமாறிவிடும். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. பேக்கரி வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு மாவு மூட்டைகளோடு வந்து சேர்ந்திருந்தார். காலையில் அவர் சுடும் ரொட்டியின் வாசனைக்குத்தான் பிள்ளைகள் எழுந்திருக்கும்.

"உலகம் முடியப்போகுதுன்னு நம்பிட்டா எவ்வளவு நிம்மதி தெரியுமாடா" என்பாள். "வாடகை கிடையாது. பொண்ணு கல்யாணம் கிடையாது. முட்டிவலிக்கு வைத்தியம் கிடையாது. எவளும் எவளைப் பாத்தும் பொறாமைப்படல. அன்னிக்கு வேலை அன்னிக்கோட. அந்த மாதிரித் தூக்கம் நான் அதுக்கப்புறம் தூங்கல."

கரையில் ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம்: அந்த நாளைத் தாண்டும் வேலை எதையும் செய்யக்கூடாது. கீரை விதைக்கலாம், மரம் வைக்கக்கூடாது. கோழி முட்டையைத் தின்னலாம், அடைவைக்கக்கூடாது. அறுவடையில் விதைக்கென்று எடுத்துவைக்கக்கூடாது. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம், எழுத்தும் கணக்கும் வேண்டாம். பெரியவர்களானால்தானே அது உதவும். குழந்தை உடுப்பில் மடிப்பு விடக்கூடாது. இவற்றையெல்லாம் சரிபார்க்க ஐயாவின் தங்கை இருந்தார். டிராயிங் டீச்சராக இருந்தவர். கையில் நீள ஸ்கேல் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. சோப்புக்கட்டியைக்கூட அளந்து வெட்டுவாராம். ஸ்கேலக்கா என்று பெயர்.

அத்தையின் வேலை, அந்த நாளுக்கான வெள்ளை உடுப்புகள். எல்லோரும் சுத்தமான வெள்ளையில் கூடத்துக்குள் இறங்க வேண்டும். சட்டப்படி ஒரு விரல்கூட மடிக்காமல் அளவெடுத்துத் தைத்தாள். தையல்காரிக்கு அது கிட்டத்தட்ட உடம்பு சரியில்லாதது போல என்பாள். ஓரத்துக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு மடிக்கப் போகுமாம்.

அந்த நாள் வந்தது. நண்பகல் என்று சொல்லியிருந்தார் ஐயா. விடிந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், கோழிக்கூண்டைத் திறந்துவிட்டார்கள், அடுப்பை அணைத்தார்கள், இறங்கினார்கள்.

அந்தக் கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் அத்தையை பைக்கில் வைத்துக் கூட்டிப்போனேன். நிலம் கைமாறி, யாரோ அங்கே காளான் வளர்க்கிறார்கள். காவலாளி முதலில் முறைத்தார். "நான் இங்க இருந்தவ" என்று அத்தை சொன்னதும் என்ன நினைத்தாரோ, டார்ச்சைக் கொடுத்து அனுப்பினார். படிகள் இறங்கின. சுவரெல்லாம் அவர்கள் சுட்ட செங்கல், கொஞ்சம்கூடப் பிசகாத வரிசை. நான் கட்டட வேலை படித்தவன், தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்: நல்ல வேலை. அத்தை டார்ச்சை அடித்து ஒரு கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்தாள். "இதுலதான் என் மூட்டையை மாட்டியிருந்தேன்" என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக அந்தக் குளியல் பாட்டை முணுமுணுத்தாள். ஒரு வரி பாடிவிட்டு நிறுத்தினாள். அடுத்த வரி அடுத்தவளுடையது.

அன்று நண்பகலுக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மாமா மட்டும் மூடவில்லையாம். படிக்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மேலே மாடு கத்தியது. கறக்காத மாடு, மடி வலித்துக் கத்துகிறது. பால்காரராக இருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை, "நான் கறந்துட்டு வந்துடறேனே" என்று ஐயாவிடம் கேட்டார். ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலே வந்தால் உலகம் அப்படியே இருந்தது, கோழிகள் மட்டும் ஊரெல்லாம். வெள்ளை உடுப்போடு பெரியவர்கள் பிள்ளைகள் எல்லோரும் குவாரிவரை ஓடிக் கோழி பிடித்தார்கள். அந்தச் சாயங்காலத்தைச் சொல்லும்போதெல்லாம் அத்தை மெஷினை நிறுத்திவிடுவாள். அவ்வளவு சிரிப்பு. மாமா மட்டும் கூடத்திலிருந்து மேலே வராததை அவள் கடைசியில்தான் சொல்வாள்.

ஐயா கணக்கைத் திருத்தி, அடுத்த வருஷத்தில் ஒரு நாளைச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் யோசிக்காத ஒன்று அதற்குள் நடந்தது: பிள்ளைகள் வளர்ந்துவிட்டன. வெள்ளைக் கவுன்கள் முழங்காலுக்கு ஏறிக்கொண்டன, கை தூக்கினால் அக்குள் கிழிந்தது. பிரித்துவிட மடிப்பு இல்லை. அந்த நாளில் ஒட்டுப்போட்ட துணி கூடாது. வேறு வழியில்லாமல் வெள்ளைத்துணி புதிதாக வாங்கிவந்தார்கள்.

அப்போதுதான் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக. துணி காயப்போடும் கொடிக்கடியில் ஒருத்தி, கிணற்றடியில் ஒருத்தி. பேக்கரிக்காரரின் மனைவி முதலில். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "டெய்லரம்மா, நான் நம்பாம இல்ல. இருந்தாலும் ஒரு ரெண்டு விரல் உள்ள மடிச்சு விடுங்களேன். யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள். அடுத்து வந்தவள் மூன்று விரல் கேட்டாள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வெட்கத்தோடு போனாள். பூமிக்கடியில் கூடம் கட்டிய ரகசியத்துக்குள் இன்னொரு ரகசியம், அத்தையின் மெஷினடியில் சேர்ந்துகொண்டே போனது. அவள் எல்லோருக்கும் நான்கு விரல் விட்டாள். குருவிக்கும்.

நாள் நெருங்கியதும் ஒத்திகை வைத்தார்கள். பிள்ளைகளை வெள்ளை உடுத்தி முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். காலை வெயில் அவர்களுக்குப் பின்னால். மெல்லிய துணி, வெளிச்சம் ஊடுருவியது. கவுன்கள் எல்லாம் விளக்குக்கூடு மாதிரி ஒளிர, ஒவ்வொன்றின் அடியிலும் இரட்டைத் துணி நான்கு விரல் அகலத்துக்கு நிழலாகப் பட்டையடித்து நின்றது. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. தாய்மார்கள் தங்கள் பிள்ளையைப் பார்த்தார்கள், அடுத்த பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

ஸ்கேலக்காவுக்கு அளக்கவே வேண்டியிருக்கவில்லை. யார் சொல்லிச் செய்தது என்று கேட்டார். அத்தை, தன் கைப்பழக்கம் என்றும் யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். ஐயா கோபப்படும் மனிதர் இல்லை. நிதானமாக, வருத்தத்தோடு கேட்டாராம்:

"ஏம்மா, பிள்ளைங்க எதுக்கு வளரணும்?"

 கேள்வி புரிந்ததுதான் பிரச்சினை என்பாள் அத்தை. அவ்வளவு நாள் பாடி, சிரித்து, நிம்மதியாகத் தூங்கியது எல்லாமே இந்தக் கேள்விமேல்தான் படுத்துக் கிடந்தது என்று அந்த முற்றத்தில்தான் தெரிந்தது.

தீர்ப்பு எளிதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா மடிப்பையும் பிரித்து, மிச்சத் துணியை வெட்டி எறிய வேண்டும். இல்லையென்றால் அவள் வெளியே போகலாம். மகள் விஷயத்தைத் தகப்பன் சொல்லட்டும்.

மெஷினைத் தூக்கிவந்து முற்றத்திலேயே போட்டார்கள். அத்தை உட்கார்ந்தாள். குருவியின் கவுனைத்தான் முதலில் மடியில் வைத்தார்கள். ஒரு தையலைப் பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல், மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"பையனோட டவுசர் இன்னும் பெட்டியிலதான் இருக்கு. அதுல விட்ட மடிப்பைப் பிரிக்காமலே போச்சு. இவளோடதை நான் பிரிச்சு விட்டுப் பாக்கணுங்க."

 மடிப்பு கேட்ட தாய்மார்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதைப்பற்றி நான் ஒருமுறை சூடாகக் கேட்டபோது அத்தை சிரித்தாள். "வாயைத் திறந்தா அதுங்க எங்கடா போகும்? எனக்கு அண்ணன் வீடு இருந்துச்சு" என்றாள்.

மாமா குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு அந்தப் பிள்ளைமேல் உயிர். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் குருவி அங்கேயே இருந்திருப்பாள். அத்தையும் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்திருப்பாள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவர் குருவியைக் கூட்டிவந்து மெஷின் பக்கத்தில் விட்டார்.

"நீ இவளைக் கூட்டிட்டுப் போ. நான் பையனைப் பாத்துட்டு வரேன்."

அத்தை அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறாள். தகரக் கதவருகே அவளுடைய மூட்டை தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது உள்ளே, அவள் வைக்காத பொருட்கள்: ஒரு ரொட்டி, ஒரு பெட்டி ஊசி, நூல்கண்டுகள், ஒரு பொட்டலம் கீரை விதை. விதை எடுத்துவைப்பது கரையில் எவ்வளவு பெரிய குற்றம். யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஐயா குறித்த அந்த இரண்டாம் நாளில் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். குருவியைப் பக்கத்தைவிட்டு நகர விடவில்லையாம். நண்பகல் தாண்டியதும் ஓவென்று அழுதாள். அம்மா தண்ணீர் கொடுத்து, "அதான் ஒண்ணும் ஆகலையே, எதுக்கு அழறே?" என்று கேட்டதற்கு, "பையன் வந்திருக்க மாட்டானே, அங்க அவர் தனியா நிப்பாரே" என்றாள்.

ஐயா மூன்றாவதாக ஒரு நாளையும் சொன்னார். அதற்குள் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. அப்பா தைரியம் சொல்லி, அத்தை சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மெஷின் போட்டாள். முதல் வாடிக்கை யார் என்று நினைக்கிறீர்கள்? பேக்கரிக்காரரின் மனைவி, பிள்ளையோடு, அந்த வெள்ளைக் கவுனோடு. "டெய்லரம்மா, கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா?" அவளைத் தொடர்ந்து மற்றவர்கள், எங்கெங்கிருந்தோ, பஸ் ஏறி. வந்தவர்கள் மடிப்பைப் பற்றிப் பேசாமல் பழைய பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். கடை அப்படித்தான் நிலைத்தது.

குருவி அந்த வெள்ளைக் கவுனில்தான் முதல் வகுப்பில் சேர்ந்தாள். சுற்றிலும் பொடிசுகள், அவள் கொக்கு மாதிரி நடுவில். "டீச்சர் வந்துட்டாங்க" என்று பையன்கள் எழுந்து நின்று கேலி செய்வார்களாம். அழுதுகொண்டே வந்தாலும் மறுநாள் போவாள். கரையில் போன வருடங்கள் போனவைதான். பள்ளியிறுதியோடு அவள் படிப்பு நின்றது. எனக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தது அவள்தான். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை நான் எங்கே எழுதினாலும் அதில் ஒன்றாவது அவளுடையது என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா வந்தது அதற்கடுத்த பள்ளிக்கூடத் திறப்புக்கு முதல்நாள், மத்தியானம். ஐயா சொன்ன மூன்றாவது நாளும் வந்து போயிருந்தது. அத்தை கடையில் தரையில் உட்கார்ந்து குருவியின் கவுனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வருஷம் பூராவும் துவைத்துத் துவைத்து அது பழுப்பேறியிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. தாடியும் மீசையுமாக, சட்டை உடம்பில் தொங்க, ஒரு ஆள். குருவிக்கு அடையாளம் தெரியவில்லை; "அளவு குடுக்க வந்திருக்காங்கம்மா" என்றாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் வரல" என்றார்.

  அத்தை கவுனின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தப் பக்கத்தை இழுத்துப் பிடிங்க."

அவர் பிடித்தார். எலக்ட்ரீசியனின் விரல்கள், நுணுக்கமானவை. கொஞ்ச நேரத்தில் அவரே நகத்தால் நூலை நெம்பி எடுக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கமிருந்து அவள், அந்தப் பக்கமிருந்து அவர். இருவர் கையும் நடுவில் முட்டியபோது மடிப்பு முழுவதும் கீழே இறங்கி விழுந்தது. உள்ளே வெயிலே படாத துணி, வாங்கிய அன்றைக்கு இருந்த அதே வெள்ளை. குருவி அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாமா அந்தப் புதுவெள்ளையை விரலால் தடவி, அவள் காலில் எதுவரை வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.